வரிசையில் நின்ற நிறுத்து

லிஃப்ட்காரருக்குக் கோபம் வந்தால் அது முதலில் கீபோர்டுக்குத்தான் தெரியும். மற்றவர்கள் தட்டச்சு செய்வார்கள், அவர் ஆணி அடிப்பார். ஏழு வருஷத்தில் நான்கு கீபோர்டு மாறியிருந்தது. அவருக்குப் பக்கத்து மேசையை யாரும் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை.

ஆளைப் பார்த்தால் கோபக்காரர் என்று சொல்ல முடியாது. ஒல்லியான உடம்பு, பாதி நரைத்த மீசை, இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். இருபத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். எட்டு மாடிக் கட்டிடம் ஒன்றில் லிஃப்டுக்கு அடியில் உள்ள குழிக்குள் இறங்கும்போது ஏணி வழுக்கி முழங்கால் சில்லு உடைந்துபோனது. ஆறு மாதம் படுக்கை. அதற்கப்புறம் ஏணியில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏணியில் ஏறாத லிஃப்ட் மெக்கானிக்கை யார் வைத்துக்கொள்வார்கள்?

அந்த நேரத்தில்தான் மனைவியின் தம்பி, வீட்டுக் கருவிகளைக் கைபேசியால் இயக்கும் கம்பெனி ஒன்றைத் தொடங்கியிருந்தான். விளக்கு, மின்விசிறி, ஜன்னல் திரை, கடை ஷட்டர் எல்லாமே ஒரே செயலியில். படுக்கையில் கிடந்த அக்கா புருஷனைப் பார்க்க வந்தவன், மோட்டாரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது எங்கள் யாருக்கும் தெரியாது, நிரல் எழுதுவதை நான் கற்றுத் தருகிறேன் என்றான். சொன்னபடியே செய்தான். ஒரு வருஷம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, திரையை மனிதனைத் திட்டுவதுபோலத் திட்டித் திட்டியே அவர் கற்றுக்கொண்டார். நாற்பத்தைந்து வயதில் இரண்டாவது தொழில். அந்த நன்றி அவருக்கு இருந்தது. இருந்ததால்தான் பின்னால் நடந்தது அவ்வளவு கசந்தது.

அவருடைய வேலை பிளகின் எழுதுவது. ஒரு கம்பெனியின் மோட்டார் பேசும் பேச்சு இன்னொரு கம்பெனியின் செயலிக்குப் புரியாது. நடுவே நின்று மொழிபெயர்க்கும் சின்ன நிரல்தான் பிளகின். கைபேசியில் நீங்கள் ‘இறக்கு’ என்று அமுக்கினால், அதை மோட்டாருக்குத் தெரிந்த பேச்சில் சொல்லி, மோட்டார் சொல்வதைத் திரும்பக் கொண்டுவந்து திரையில் காட்ட வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் ஷட்டர் மோட்டார் ஒரு நேரத்தில் ஒரு பேச்சைத்தான் கேட்கும். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு நொடிக்குள் பதில் வராவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததைச் சொல்லலாம். அதற்குள் இன்னொன்றைத் திணித்தால் மோட்டார் குழம்பி இரண்டையும் விட்டுவிடும். அதனால் கட்டளைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்புவார்கள்.

லிஃப்ட்காரர் எழுதிய முதல் ஷட்டர் பிளகினில் ஒரு விதி இருந்தது. ‘நிறுத்து’ என்ற கட்டளை வரிசையில் நிற்காது. எத்தனை பேர் முன்னால் நின்றாலும் எல்லாரையும் தள்ளிவிட்டு முதலில் போகும், போகும்போது மற்றவற்றை அழித்துவிட்டும் போகும். லிஃப்டில் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் அது எந்த நிரலையும் கேட்பதில்லை, நேராக மின்சாரத்தை வெட்டிவிடும். அதைப் பார்த்து வளர்ந்த மனிதர். நிறுத்தச் சொன்னால் நிற்க வேண்டும், ஏன் எதற்கு என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்பார்.

பிறகு கம்பெனி பெரிதாயிற்று. தலைமை நிரலாளராக ஒருவர் வந்தார். மேசையில் மூன்று பேனாக்களை அளவுகோல் வைத்ததுபோல அடுக்கி வைப்பவர், அதனால் அவருக்கு ‘நேர்த்தி’ என்று பெயர் விழுந்தது. நேர்த்திக்குச் சிறப்பு விதிகள் பிடிக்காது. எல்லாக் கட்டளைகளும் ஒரே வாசல் வழியாக, வந்த வரிசைப்படியே போக வேண்டும். முந்நூறு வரிகளை நாற்பதாகக் குறைத்தார். எல்லாரும் பாராட்டினார்கள்.

அதே சமயம் மச்சினன் இன்னொன்றைச் செய்யச் சொல்லியிருந்தான். ஷட்டர் இறங்கும்போது கைபேசித் திரையிலும் ஒரு குட்டி ஷட்டர் கூடவே இறங்குவதுபோலப் படம் ஓட வேண்டும். வாங்க வருபவர்கள் அதைப் பார்த்துத்தான் வாயைப் பிளந்தார்கள். அந்தப் படம் சரியாக ஓட, பிளகின் நொடிக்கு ஒருமுறை மோட்டாரிடம் ‘எங்கே இருக்கிறாய்?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கேள்விகளும் அதே வரிசையில்தான் நிற்கும்.

இதெல்லாம் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு லிஃப்ட்காரர் டீ எடுக்கக் கீழே இறங்கினார். வரவேற்பறையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். வலது கையில் முழங்கை வரை கட்டு. மடியில் ஒரு காகிதம். வரவேற்பில் இருந்த பெண் அவரிடம், யாரையும் முன்கூட்டிச் சொல்லாமல் பார்க்க முடியாது என்று மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்டவர் எழுந்திருக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்து வந்து காய்ந்துபோயிருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

டீக் கோப்பையோடு திரும்பிய லிஃப்ட்காரரைப் பார்த்து, “நீங்க இங்க வேலை செய்றவரா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றார்.

“அப்ப இதைப் படிச்சுச் சொல்லுங்க. நான் பொய் சொல்றேன்னு இதுல எழுதியிருக்கு. யார் எழுதினதுன்னு தெரியணும்.”

லிஃப்ட்காரர் நின்றபடியே படித்தார். கம்பெனியின் கடிதம்தான். தங்கள் புகாரைப் பரிசீலித்தோம், எங்கள் பதிவின்படி ‘இறக்கு’ கட்டளை 11:42:05-க்கு வந்தது, ‘நிறுத்து’ கட்டளை 11:42:17-க்குத்தான் வந்தது, விபத்து அதற்கு முன்பே நடந்துவிட்டதாகத் தாங்களே கூறியுள்ளீர்கள், ஆகவே தாங்கள் உரிய நேரத்தில் நிறுத்தவில்லை என்று தெரிகிறது. கீழே ஆதாரமாக அந்தப் பதிவின் இரண்டு வரிகள் அப்படியே அச்சிடப்பட்டிருந்தன.

அந்த இரண்டு வரிகளின் வடிவம் அவருக்குத் தெரியும். நேரம், ஒரு கோடு, கட்டளையின் பெயர், அப்புறம் மோட்டாரின் எண். அவரே எழுதியது. பிளகினில் எது நடந்தாலும் குறித்துவைக்க ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் சேர்த்த வரி.

அவர் உட்கார்ந்தார். அந்தப் பெண் ஒரு தையல்காரம்மா, நடந்ததைச் சொன்னார். அவருடையது தெரு முனையில் ஒற்றை அறைத் தையல்கடை. மதியம் வெளியே போக வேண்டியிருந்ததால் கடைக்கு வெளியே நின்று கைபேசியில் ஷட்டரை இறக்கியிருக்கிறார். பாதி இறங்கும்போது, உள்ளே ஓரமாக நிறுத்தியிருந்த துணி மாட்டும் பொம்மை சரிந்து வாசலில் விழுந்துவிட்டது. உடனே ‘நிறுத்து’ என்று அமுக்கினார். திரையில் ‘நின்றது’ என்று வந்தது. இருந்தும் சந்தேகத்துக்கு இன்னும் இரண்டு தடவை அமுக்கினார். மறுபடியும் ‘நின்றது’ என்றே வந்தது. அதை நம்பிக் குனிந்து, பொம்மையின் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். ஷட்டர் நிற்கவில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடிச்சட்டத்துக்கும் வாசல்படிக்கும் நடுவே மாட்டிக்கொண்டன.

“மூணு தடவை அமுக்கினேன். எண்ணி மூணு. எனக்கு வேலையே எண்ணுறதுதான். எத்தனை தையல், எத்தனை அங்குலம்னு எண்ணாம எனக்குக் கை ஓடாது. அமுக்கினதை நான் மறப்பேனா?”

லிஃப்ட்காரர் கடிதத்தைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு எடுத்துக்கொண்டார். அவருடைய கடை எங்கே என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். டீ ஆறிப்போய் வரவேற்பு மேசையிலேயே கிடந்தது.

மேசைக்கு வந்து நிரலைத் திறந்தார். நேர்த்தி எழுதிய நாற்பது வரிகள். படித்துக்கொண்டே வந்தவருக்குப் பதினெட்டாவது வரியில் கை நின்றது. கட்டளை எதுவாக இருந்தாலும் வரிசையின் கடைசியில் சேர். அவ்வளவுதான். ‘நிறுத்து’ முன்னால் போகும் விதி போன இடம் தெரியவில்லை. அதற்குக் கீழே அவருடைய பழைய பதிவு வரி. அதை மட்டும் நேர்த்தி அழிக்காமல் இடம் மாற்றி வைத்திருந்தார். முன்பு கைபேசியிலிருந்து கட்டளை வந்தவுடன் நேரத்தைக் குறித்த வரி, இப்போது வரிசையை விட்டுக் கட்டளை மோட்டாருக்குக் கிளம்பும்போது குறித்தது.

காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். ஓடும் மோட்டார் பதில் சொல்ல மிகவும் தாமதிக்கும். ‘எங்கே இருக்கிறாய்’ என்ற கேள்விகள் நொடிக்கு ஒன்று வந்து சேர்கின்றன, இரண்டு நொடிக்கு ஒன்றுதான் தீர்கிறது. ஷட்டர் இறங்கத் தொடங்கி ஆறு நொடி ஆனபோது வரிசையில் மூன்று கேள்விகள் தேங்கி நின்றிருக்கும். அதற்குப் பின்னால் ‘நிறுத்து’. மூன்று தரம் இரண்டு, ஆறு நொடி. அந்தப் பெண்ணின் விரல் நசுங்கிக்கொண்டிருந்தபோது அந்தக் கட்டளை, படம் ஓட்டும் கேள்விகளுக்குப் பின்னால் பயபக்தியோடு நின்றுகொண்டிருந்தது. திரையில் ‘நின்றது’ என்று வந்ததுகூட மோட்டார் சொல்லி வந்ததல்ல. வேகமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, அமுக்கியவுடன் செயலி தானாகவே போட்டுக்கொண்டது.

கோபம் உள்ளங்காலிலிருந்து ஏறியது. நேர்த்தியைப் போய்க் கேட்கலாம் என்று எழுந்தவர், இந்த மாற்றத்துக்கு யார் ஒப்புதல் கொடுத்தது என்று பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். கம்பெனியில் யார் நிரலை மாற்றினாலும் இன்னொருவர் படித்து ஒப்புதல் கொடுத்தாக வேண்டும். கொடுத்தவர் அவர்தான். ஆறு மாதத்துக்கு முன்னால், ஒரு சாயங்காலம். அது எந்த நாள் என்றுகூட நினைவுக்கு வந்தது. வராத பஸ்ஸுக்காக நாற்பது நிமிஷம் நின்று, போக்குவரத்துக்காரர்களை வாய்க்குள் வைதுகொண்டே, கைபேசியில் கட்டை விரலால் ஒப்புதலைத் தட்டியிருந்தார். படிக்கவில்லை. நாற்பது வரியைக்கூடப் படிக்கவில்லை.

அவர் வாழ்க்கையில் யார் யார் மேலோ கோபப்பட்டிருக்கிறார். தன் மேல் இப்படிப் பட்டதில்லை.

இனி ஆதாரம் வேண்டும். கணக்கு மட்டும் போதாது. கைபேசி அனுப்பும் ஒவ்வொரு கட்டளையோடும் அமுக்கிய நேரமும் சேர்ந்தே வரும். யாரும் பார்க்காத அந்தக் குறிப்பைச் சர்வர் முப்பது நாள் வைத்திருந்து தானாக அழித்துவிடும். தேடினார். இருந்தது. 11:42:11 நிறுத்து. 11:42:12 நிறுத்து. 11:42:13 நிறுத்து. அந்த அம்மா சொன்னபடி எண்ணி மூன்று. விபத்து நடந்து இருபத்தெட்டு நாள் ஆகியிருந்தது.

மூன்று தாளாக அச்செடுத்துக்கொண்டு மச்சினனின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தார். உள்ளே நேர்த்தியும் இருந்தார். லிஃப்ட்காரர் உட்காராமல் எல்லாவற்றையும் சொன்னார். தான் படிக்காமல் ஒப்புதல் கொடுத்ததையும் மறைக்கவில்லை. நேர்த்தி தாள்களை வாங்கிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. வரிசை சமமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேனே தவிர, என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

மச்சினன் கெட்டவன் அல்ல. அறுபது பேருக்கு வேலை கொடுப்பவன், அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பவன். ஆனால் அந்த வாரம் பெரிய கடைத்தொடர் ஒன்று தொள்ளாயிரம் ஷட்டருக்கு இவர்களோடு ஒப்பந்தம் போட இருந்தது. அவர்களை மயக்கியதே அந்த ஓடும் படம்தான். அவன் தாள்களைத் தொடவே இல்லை. தவறு இருந்தால் அடுத்த மாதப் பதிப்பில் சத்தமில்லாமல் சரி செய்துவிடலாம் என்றான்.

அதுவரை நானூறு கடைகளில் இதே பிளகின்தானே ஓடுகிறது என்று லிஃப்ட்காரர் கேட்டார். ஆறு மாதத்தில் ஒரே ஒரு விபத்துதானே என்று பதில் வந்தது. அந்த அம்மாவுக்கு அனுப்பிய கடிதம்?

“அது போயாச்சு அத்தான். திருப்பி எழுதினா நாமளே தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நாளைக்கு ஷட்டர் கீறின கார்க்காரன்கூட வந்து நிப்பான்.”

“தப்புதானே பண்ணியிருக்கோம்.”

“நான் இல்லன்னு சொல்லல. இன்னும் ரெண்டு நாள்ல அந்தக் குறிப்பு தானா அழிஞ்சிடும். நாம ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல. சும்மா இருந்தா போதும்.”

சும்மா இருந்தால் போதும் என்ற அந்த வார்த்தை லிஃப்ட்காரருக்கு எங்கேயோ போய்க் குத்தியது. கத்துவார் என்று இரண்டு பேரும் எதிர்பார்த்தார்கள். அவர் கத்தவில்லை. மேசை மேலிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். மறுநாள் காலைக்குள் முடிவு சொல், இல்லாவிட்டால் நானே பிளகினை மாற்றி எல்லாக் கடைக்கும் அனுப்புவேன் என்று கதவருகே நின்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். அவர் வெற்று மிரட்டல் விடுவதாக மச்சினன் நினைத்துக்கொண்டான்.

சாயங்காலம் வீட்டில் வெடித்தது. மனைவி மருத்துவமனையில் எலும்புப் பிரிவில், மாவுக்கட்டு போடும் அறையில் வேலை செய்பவள். அன்றைக்குக் காலை வேலை முடித்து வந்து, சாப்பாட்டு மேசையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரர் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே இழுத்த காலோடு நடந்துகொண்டே அவள் தம்பியை வாய்க்கு வந்தபடி திட்டினார். மனசாட்சியை அடகு வைத்துவிட்டான், ஒரு படம் ஓடுவதற்காக ஒருத்தியின் கையை நசுக்கிவிட்டு அவளையே பொய்க்காரி ஆக்கிவிட்டான், இவனையா நான் இத்தனை வருஷம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன் என்றெல்லாம் சொன்னார். நடுவே, பஸ் நிறுத்தத்தில் தன் கட்டை விரல் தட்டிய ஒப்புதலும் வாயிலிருந்து வந்து விழுந்தது. அவர் மூச்சு வாங்க நின்றபோதுதான் அவள் கேட்டாள்.

“எந்த விரல்?”

ஆள்காட்டி விரலும் நடுவிரலும், வலது கை என்றார்.

“தசைநார் போயிருக்கும். கத்தரிக்கோல் பிடிக்கிற விரல் ரெண்டும் அதுதான்.” ஒரு சட்டையை மடித்து வைத்தாள். “என் தம்பி செஞ்சது தப்புதான். நான் இல்லங்கல. ஆனா நீங்க இப்ப அவனைத் திட்டுற வேகத்துல பாதி, உங்க கட்டை விரலைத் திட்டுறது. எனக்குக் காது கேக்குது.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டித் தீர்த்துக்கொள்வது ஒரு வேலை ஆகாது என்று அவள் மேற்கொண்டு சொன்னாள். அந்தக் கடையில் ஷட்டர் இப்போதும் இருக்கிறதா, அந்த மோட்டார் இப்போதும் ஓடுகிறதா என்று கேட்டாள். இருந்தால் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒன்றைக் கொண்டுவாருங்கள், தாளில் இருக்கும் எண்களை யாரும் நம்ப மாட்டார்கள் என்றாள். தம்பியோடு நான் பேசட்டுமா என்று அவள் கேட்கவில்லை, அவரும் பேசச் சொல்லவில்லை. அந்தப் பேச்சு அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே மேசை மேல் கிடந்தது.

மறுநாள் காலை எட்டரை மணி வரை மச்சினனிடமிருந்து எந்தச் சேதியும் வரவில்லை. லிஃப்ட்காரர் வேலைக்குப் போகவில்லை, தையல்கடைக்குப் போனார். குறுகிய தெரு, இரண்டு பக்கமும் சின்னக் கடைகள். தையல்கடையின் ஷட்டர் இடுப்பு உயரத்தில் அரைகுறையாக நின்றது. விரலை எடுக்க ஏற்றிய உயரத்திலேயே விட்டதுதான், விபத்துக்குப் பிறகு தையல்காரம்மா அதைத் தொடவே இல்லை. இரண்டு நாற்காலிகளை அடியில் முட்டுக் கொடுத்து வைத்துவிட்டு, குனிந்துதான் உள்ளே போய் வந்துகொண்டிருந்தார். உள்ளே இரண்டு தையல் மிஷின்கள் துணி போர்த்திக் கிடந்தன. அரைகுறையாக வெட்டிய துணிகள் மூட்டை மூட்டையாக இருந்தன. வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்.

லிஃப்ட்காரர் யார் என்பதைச் சொன்னார். அந்தப் பதிவு வரியை எழுதியவன் நான், அதை இடம் மாற்றியதற்குப் பஸ்ஸுக்கு நின்றபடி, படிக்காமல் ஒப்புதல் கொடுத்தவனும் நான் என்றார். தையல்காரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் அவர் பேசியபோது குரல் உயரவே இல்லை, அதுதான் லிஃப்ட்காரருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

“முப்பது வருஷமா தைக்கிறேன். ஒரு ஊசிகூட என் விரல்ல ஆழமா ஏறினதில்ல. அவ்வளவு கவனம். நீங்க பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டே முடிச்சிட்டீங்க.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், வந்த வேலையைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்.

வேலை இதுதான். பழைய துணிகளை உருட்டித் தலையணைபோலக் கட்டி வாசல்படியில் வைத்தார். மூன்றுகால் தாங்கியில் தன் கைபேசியை, ஷட்டரும் தையல்காரம்மாவின் கைபேசித் திரையும் ஒரே சட்டத்துக்குள் தெரியும்படி நிறுத்தினார். பக்கத்தில் நொடி ஓடும் கடிகாரம் ஒன்று. நாற்காலிகளை எடுத்து, ஷட்டரை முழுக்க ஏற்றி, பிறகு இறக்கினார். ஆறாவது நொடியில் ‘நிறுத்து’ என்று அமுக்கினார். திரையில் ‘நின்றது’ என்று வந்தது. ஷட்டர் பாட்டுக்கு இறங்கியது. துணி மூட்டையின் மேல் உட்கார்ந்து, அதை அமுக்கி, தகடு வளைந்து கிரீச்சிட்ட பிறகுதான் மோட்டார் நின்றது. திரும்பத் திரும்பச் செய்தார். ஒன்பது தடவையில் எட்டுத் தடவை அதே கதை. தையல்காரம்மா சுவரோடு சாய்ந்து, கட்டுப் போட்ட கையை இடது கையால் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது தடவைக்கு மேல் பார்க்காமல் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு லிஃப்ட்காரர் அந்தத் தையல் மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்தார். ‘நிறுத்து’ முன்னால் போகும் விதியை மறுபடியும் எழுதினார். படம் ஓட்டும் கேள்விகளை அடியோடு நிறுத்தினார். மோட்டார் சொல்லாமல் ‘நின்றது’ என்று திரையில் வரக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தார். பதிவில் இரண்டு நேரம் இருக்கும்படி செய்தார், அமுக்கிய நேரம் ஒன்று, அனுப்பிய நேரம் ஒன்று. ஒப்புதலுக்கு நேர்த்திக்கே அனுப்பினார். இதைப் படித்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள், இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று எழுத்தில் கொடுங்கள் என்று ஒரு வரி எழுதி, கூடவே வீடியோவையும் வைத்தார்.

இருபது நிமிஷம் கழித்து ஒப்புதல் வந்தது. நேர்த்தி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஒரே ஒரு இடத்தில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தியிருந்தார். அதைப் பார்த்தபோது, முழுக்கப் படித்திருக்கிறார் என்று லிஃப்ட்காரருக்குப் புரிந்தது.

புதிய பிளகின் நானூறு கடைகளுக்கும் போனது. தையல்கடையிலேயே சோதித்துப் பார்த்தார்கள். அமுக்கிய அரை நொடியில் ஷட்டர் நின்றது. இரண்டு வார்த்தைகளின் இடத்தை மாற்றினால் போதும் என்கிற அளவு சின்ன வேலை. அது அவ்வளவு சின்னதாக இருந்ததே லிஃப்ட்காரரைக் கொதிக்க வைத்தது.

மதியம் கம்பெனிக்குப் போனபோது அவருடைய நுழைவு அட்டை வேலை செய்யவில்லை. மச்சினன் கீழே இறங்கி வந்தான். முகம் சிவந்திருந்தது. கடைத்தொடர்க்காரர்களுக்கு முன்னால் செயலியைத் திறந்து காட்டியபோது படம் ஓடவில்லையாம். எல்லாருக்கும் முன்னால் மானம் போயிற்று என்றான். உங்களைத் தூக்கிவிட்டவன் முதுகிலேயே குத்திவிட்டீர்கள் என்றான். முதுகில் குத்தவில்லை, நேற்றே கதவருகே நின்று நேருக்கு நேர் சொல்லிவிட்டுத்தான் செய்தேன் என்றார் லிஃப்ட்காரர். வீடியோவையும் மூன்று தாள்களையும் தையல்காரம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன், அந்தப் பதிவு வரியை எழுதியவன் என்ற முறையில் அதன் பொருள் என்ன என்று கையெழுத்துப் போட்டும் கொடுத்திருக்கிறேன் என்பதையும் சொன்னார். மச்சினன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“அக்காவுக்குத் தெரியுமா?”

“அவதான் வீடியோ எடுக்கச் சொன்னா.”

அவன் திரும்பி மாடி ஏறினான். மேசைச் சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

தையல்காரம்மா அந்தக் கையெழுத்துத் தாளோடு நுகர்வோர் குறை கேட்கும் அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்து கம்பெனிக்கு விளக்கம் கேட்டு ஓலை போனது. மூன்று வாரம் கழித்துத் தையல்காரம்மாவுக்குக் கம்பெனியிலிருந்து இரண்டு வரியில் ஒரு கடிதம் வந்தது. எங்கள் முந்தைய கடிதத்தில் குறிப்பிட்ட நேரம், கட்டளை மோட்டாருக்கு அனுப்பப்பட்ட நேரமாகும். தாங்கள் அமுக்கிய நேரம் 11:42:11 எனத் திருத்திக்கொள்ளவும்.

மோட்டாரைக் கழற்றித் தர முடியுமா என்று தையல்காரம்மா கேட்டிருந்ததால் லிஃப்ட்காரர் அன்றைக்குக் கடையில் இருந்தார். கடிதத்தை அவரே வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்து, ஒரு மன்னிப்பு வார்த்தை எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

“திருத்திக்கொள்ளவுமா?” என்றார் தையல்காரம்மா. “யாரைத் திருத்திக்கச் சொல்றாங்க? நான் அன்னிக்கே சரியாத்தானே சொன்னேன்.”

லிஃப்ட்காரர் கடிதத்தை மடித்து மேசை மேல் வைத்தார். டாக்டர் தடுத்திருந்த ஏணியில், அன்றைக்கு மட்டும் மூன்று படி ஏறி மோட்டாரைக் கழற்றினார். கையால் இழுக்கும் சங்கிலியைப் பொருத்தினார். தையல்காரம்மா இடது கையால் சங்கிலியை இழுத்துப் பார்த்தார். ஷட்டர் இறங்கியது, கையை நிறுத்தியதும் நின்றது. இரண்டு விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது கைக்காரர்கள் பிடிக்கும் கத்தரிக்கோல் ஒன்றை வாங்கி, பழைய துணிகளை நேர்கோட்டில் வெட்டிப் பழகிக்கொண்டிருந்தார். கோடு நேராக வரவில்லை. வராத ஒவ்வொரு தடவையும் துணியைத் தரையில் வீசி எறிந்தார். எறிந்ததை எடுக்க லிஃப்ட்காரர் குனிந்தபோது, அது அப்படியே கிடக்கட்டும் என்றார்.

லிஃப்ட்காரர் இப்போது ஒரு லிஃப்ட் கம்பெனியில் இருக்கிறார். ஏணி வேலை இல்லை. லிஃப்டுக்கு எழுதப்படும் நிரல்களைப் படித்து ஒப்புதல் கொடுக்கும் வேலை. ஒவ்வொரு வரியையும் படிக்கிறார். படிக்க நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று அங்கேயும் புகார் இருக்கிறது. அந்தப் புகாரைச் சொன்ன மேலாளர், ஒரு முறைக்கு மேல் சொல்லவில்லை.

கடைத்தொடர், படம் ஓடாமலேயே ஒப்பந்தம் போட்டது. ஷட்டர் அரை நொடியில் நிற்பதைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்களாம். நான்கு மாதம் கழித்து மச்சினன் அக்கா வீட்டுக்கு வந்தான். அக்கா தண்ணீர் கொடுத்தாள், எதிரே உட்கார்ந்தாள், சாப்பிடச் சொல்லவில்லை. நேர்த்தி சொல்லி அனுப்பியதாகவும், எல்லா பிளகினிலும் இப்போது அந்த விதிதான் முதல் வரி என்றும், அத்தான் திரும்பி வர வேண்டும் என்றும் சொன்னான். உள்ளறையிலிருந்து லிஃப்ட்காரர் வெளியே வந்தார். வருகிறேன் என்றார். அதற்கு முன்னால் அந்த அம்மாவுக்கு, பொய் சொன்னது நாங்கள்தான் என்று உன் கையால் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வா என்றார்.

மச்சினன் டம்ளரைக் கீழே வைத்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போனான்.

அது போன மழைக்காலம். இன்னும் எழுதவில்லை.